“எழுதினதெல்லாம் போயிட்டு!” – வேர்ட்பிரஸ் எடிட்டரும் எனக்கு வரும் போன்களும்

பாளையங்கோட்டையில் உட்கார்ந்து சின்னச் சின்னக் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பது என் தொழில். ஒரு கருப்பட்டிக் கடை, ஒரு கல்யாண மண்டபம், ஒரு பல் டாக்டர், ஒரு பழைய மாணவர் சங்கம் என்று இப்போதைக்குப் பதினாலு. எல்லாமே வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஓடுபவை. வேலை முடிந்ததும் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்து, “இனி நீங்களே எழுதிக்கிடலாம்” என்று லாகினைக் கையில் கொடுத்துவிட்டு வருவேன். அன்றைக்கு எல்லாரும் தலையாட்டுவார்கள். மூன்றாம் நாளிலிருந்து போன் வரும்.

ஆள்தான் மாறுமே தவிர கேள்வி மாறாது. திரும்பத் திரும்பச் சொன்னதை ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால் மதியச் சாப்பாட்டையாவது நிம்மதியாகச் சாப்பிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். பத்தி, படம், தலைப்பு ஒவ்வொன்றையும் தனித்தனி ‘பிளாக்’காக வைத்து எழுதும் திரைக்குப் பிளாக் எடிட்டர் என்று பெயர்; 2018 டிசம்பரில் 5.0 பதிப்போடு வந்த அதை வைத்துச் சொல்கிறேன். பொத்தான் பெயர்களை ஆங்கிலத் திரையில் இருக்கிறபடியே தருகிறேன்.

“யம்மா, எழுதினதெல்லாம் போயிட்டு!”

கருப்பட்டிக் கடை அண்ணாச்சியின் முதல் போன் இதுதான். ஒரு மணி நேரம் உட்கார்ந்து ‘எங்களைப் பற்றி’ பக்கத்தை எழுதியிருக்கிறார். இடையில் கரண்ட் போய்விட்டது. மறுபடி திறந்தால் பழைய நாலு வரிதான் இருக்கிறது. குரலில் அழுகை இல்லாத குறை.

“அண்ணாச்சி, மேல ஒரு பட்டை மாதிரி ஏதாவது எழுதியிருக்கா?” என்று கேட்டேன். இருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் ஏதோ எச்சரிக்கை என்று நினைத்து அதை மூடத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பட்டையை மூடாதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது நிமிஷத்துக்கு ஒரு தரம் வேர்ட்பிரஸ் தானாகவே ஒரு நகலைச் சேமிக்கிறது. உங்கள் பிரவுசருக்குள்ளும் ஒரு நகல் தனியாக இருக்கும். நீங்கள் பார்ப்பதைவிடப் புதிய நகல் இருந்தால் “வியூ தி ஆட்டோசேவ்” என்றோ “ரீஸ்டோர் தி பேக்கப்” என்றோ அந்தப் பட்டையில் கேட்கும். அதை அமுக்கினால் போதும். பிரவுசர் நகல் அதே கம்ப்யூட்டரில், அதே பிரவுசரில்தான் கிடைக்கும். பதற்றத்தில் போனை எடுத்து அதில் திறந்து பார்ப்பதில் பிரயோஜனமில்லை.

பட்டை வரவில்லையா? வலது பக்கம் செட்டிங்ஸ் பலகையில் ‘ரிவிஷன்ஸ்’ என்று ஒரு வரியும் பக்கத்தில் ஒரு எண்ணும் இருக்கும். நீங்கள் ஒவ்வொரு தடவை சேவ் செய்ததும் அதில் வரிசையாக நிற்கும். அதைத் திறந்து மேலே கோட்டில் இருக்கும் குமிழைப் பின்னால் இழுத்துக்கொண்டே போனால் நேற்று, முந்தாநாள் என்று போகும். எடுத்தது சிவப்பிலும் சேர்த்தது பச்சையிலும் தெரியும். வேண்டிய நாள் வந்ததும் ‘ரீஸ்டோர் திஸ் ரிவிஷன்’. இப்படித் திரும்பப் போவதால் இன்றைக்கு எழுதியதும் அழியாது, அதுவும் ஒரு ரிவிஷனாக நிற்கும். அதனால் தைரியமாகப் போய்ப் பார்க்கலாம்.

பக்கத்தையே தூக்கிப் போட்டுவிட்டீர்கள் என்றாலும் ‘டிராஷ்’ என்ற குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும். அதற்குள் எடுத்துவிட வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போதே, எடிட்டரை மூடும் முன் கண்ட தப்புக்கு இது எதுவும் வேண்டாம், கன்ட்ரோல் இசட் போதும்.

போனது பெரும்பாலும் திரும்பி வரும். திரும்பாத இடம் ஒன்று இருக்கிறது. அதில் நானே விழுந்திருக்கிறேன், கடைசியில் சொல்கிறேன்.

“பப்ளிஷ் அமுக்கிட்டேன், வரவே இல்ல”

ஒரு தடவை அமுக்கியிருப்பீர்கள். இரண்டு தடவை அமுக்க வேண்டும். முதல் தடவைக்கு வலது பக்கம் “நிஜமாகவே போடட்டுமா” என்கிற மாதிரி ஒரு பலகை திறக்கும். அதற்குள்ளேயும் ஒரு பப்ளிஷ் இருக்கும், அதையும் அமுக்கினால்தான் வேலை முடியும். பல் டாக்டரின் கிளினிக்கில் இருக்கும் பெண் ஒரு வாரமாக எழுதியதெல்லாம் இப்படி வெளியே வராத டிராஃப்டாகவே உட்கார்ந்திருந்தது. ஏற்கெனவே போட்ட பக்கத்தைத் திருத்தும்போது அந்த இடத்தில் பப்ளிஷ் இருக்காது. ‘அப்டேட்’ என்றிருக்கும், புதிய பதிப்புகளில் ‘சேவ்’.

பப்ளிஷுக்குப் பதிலாக ‘சப்மிட் ஃபார் ரிவியூ’ என்று வந்தால் உங்கள் கணக்கு ‘கான்ட்ரிப்யூட்டர்’ கணக்கு. எழுதலாம், வெளியிட முடியாது, போட்டோவும் ஏற்ற முடியாது. சங்கத்தில் எல்லாருக்கும் இதைத்தான் கொடுத்திருக்கிறேன். செயலாளருக்கு மட்டும் வெளியிடும் உரிமையுள்ள ‘எடிட்டர்’ கணக்கு. இதனால் அங்கே ஒரு சின்ன மனஸ்தாபம்கூட உண்டு, அது நமக்கு வேண்டாம்.

பப்ளிஷும் ஆகிவிட்டது, இன்னும் பழசே தெரிகிறது என்றால் பிரவுசரின் இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்து பாருங்கள். அதில் புதுசு தெரிந்தால் தளத்தில் குறை இல்லை, உங்கள் பிரவுசர் பழையதை ஞாபகம் வைத்திருக்கிறது, கன்ட்ரோல் எஃப்5 அடியுங்கள். அதிலும் பழசு என்றால் தளத்தில் பக்கங்களின் நகலை எடுத்து வைத்துக் காட்டும் ‘கேஷ்’ பிளக்இன் (கூடுதலாகச் சேர்த்த மென்பொருள்) இருக்கிறது. மேல் கறுப்புப் பட்டையில் அதன் பெயருக்குக் கீழே கேஷைக் காலி செய்யும் பொத்தான் இருக்கும்.

புதிதாக ஒரு ‘பேஜ்’ போட்டால் அது மெனுவில் தானாக வந்து உட்காராது. மெனுவில் தனியாகச் சேர்க்க வேண்டும். இதை மட்டும் எனக்கு போன் பண்ணுங்கள், கோவித்துக்கொள்ள மாட்டேன்.

“இடது பக்கம் இருந்த மெனுவைக் காணோம்”

எடிட்டர் முழுத்திரையில் இருக்கிறது. இடது மேல் மூலையில் இருக்கும் டபிள்யூ சின்னத்தை அமுக்கினால் வெளியே வரலாம். நிரந்தரமாக மெனு வேண்டுமென்றால் வலது மேலே மூன்று புள்ளி, அதில் ‘ஃபுல்ஸ்கிரீன் மோடு’ டிக்கை எடுத்துவிடுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் வரும் தலைவலிகள்

எடிட்டர் பாடம் நடத்தும் ஆங்கில வீடியோக்கள் எல்லாவற்றிலும், புது பிளாக் வேண்டுமா, சாய்வுக்கோடு அடி என்பார்கள். அடித்தால் படம், பட்டியல், அட்டவணை எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். தமிழ்99 விசைப்பலகையில் அதே விசையில் இருப்பது ழ. சங்கத்துக்காரர் ஒருவர் தமிழ் ஆசிரியராக இருந்து ரிட்டையர் ஆனவர். வீடியோ பார்த்து அடித்து அடித்து, ஒரு பக்கம் பூராவும் தனித்தனிப் பத்தியாக ழ, ழ, ழ என்று நிறுத்தி வைத்திருந்தார். “சிறப்பு எழுத்துதான், அதுக்காக இத்தனையா சார்?” என்றேன். சாய்வுக்கோட்டுக்கு ஒரு நொடி ஆங்கிலத்துக்கு மாறுங்கள், இல்லாவிட்டால் கூட்டல் குறிப் பொத்தானை அமுக்குங்கள். எனக்குக் கூட்டல் குறிதான் வசதி.

அடுத்தது ஒட்டுவது. பழைய நோட்டீஸை டிடிபி சென்டரில் அடித்த ஃபைலிலிருந்து எடுத்து ஒட்டினால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கண்டபடி வந்து விழும். வைரஸ் இல்லை. அந்த ஃபைல் பாமினி மாதிரி ஒரு பழைய எழுத்துருவில் அடித்தது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், எழுத்துரு அதற்குத் தமிழ்ச் சட்டை போட்டுக் காட்டிக்கொண்டிருந்தது. தளத்தில் அந்தச் சட்டை இல்லை. தமிழை நிஜமாகவே தமிழ் எழுத்தாக வைக்கும் முறை யூனிகோடு; அதற்கு மாற்றும் கன்வர்ட்டரில் போட்டு எடுத்து வந்து ஒட்டுங்கள். ஃபைலில் நிஜமான ஆங்கில வார்த்தைகள் இருந்தால் கன்வர்ட்டர் அவற்றையும் பிடித்துத் தமிழ்க் குப்பையாக்கிவிடும். ஆகவே ஒட்டிய பிறகு டாக்டர் பட்டங்கள், இமெயில் முகவரிகள் இவற்றை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று அறிவித்தது 2010இல். நம்மூர் டிடிபி சென்டர்களில் இன்னும் பாமினி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

வேர்டிலிருந்தோ வேறு தளத்திலிருந்தோ ஒட்டும்போது எழுத்தின் அளவும் நிறமும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தால், கன்ட்ரோலோடு ஷிஃப்ட்டும் சேர்த்து வி அடியுங்கள். வெறும் எழுத்து மட்டும் வரும்.

முகவரி எழுதும்போது வரிக்கு வரி பெரிய இடைவெளி விழுகிறது என்பார்கள். என்டர் அடித்தால் அது புதுப் பத்தி, அதனால்தான் இடைவெளி. அடுத்த வரி மட்டும் வேண்டுமென்றால் ஷிஃப்ட்டோடு என்டர். அதே மாதிரி, பத்தி தொடக்கத்தில் 1 போட்டுப் புள்ளி வைத்து ஸ்பேஸ் அடித்தால் எடிட்டர் அதைப் பட்டியலாக்கிவிடும். வேண்டாமென்றால் உடனே கன்ட்ரோல் இசட்.

தலைப்புகளைத் தடித்த எழுத்தில் மட்டும் போட்டு விட்டுவிடாதீர்கள். ‘ஹெடிங்’ பிளாக்கில் போடுங்கள், அதில் எச்2 என்ற நிலை போதும். கூகுளுக்கும் சரி, திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளை வைத்துப் படிக்கும் பார்வையற்றவர்களுக்கும் சரி, தடித்த எழுத்து தலைப்பு ஆகாது. சாய்வெழுத்து தமிழில் வேண்டவே வேண்டாம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வுக்கென்று தனி வடிவம் கிடையாது. பிரவுசர் பிடித்துத் தள்ளிவிட்ட மாதிரி நிற்கும்.

“லிங்க் ஏன் இவ்வளவு நீளமா, குப்பையா வருது?”

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பப்ளிஷ் செய்வதற்கு முன்னாலேயே கவனிக்க வேண்டியது இது.

அண்ணாச்சி ஒரு பதிவுக்கு ‘உடன்குடி கருப்பட்டி கிலோ விலை’ என்று தலைப்பு வைத்தார். நல்ல தலைப்பு. வேர்ட்பிரஸ் அந்தத் தலைப்பையே முகவரியாக்கியது. அதை வாட்ஸ்அப்பில் ஒட்டியதும் சதவீதக் குறியும் எண்ணும் எழுத்துமாக நாலைந்து வரிக்கு நீண்டது. “இத எவன் தொடுவான், ஹேக்கர் அனுப்புன மாதிரி இருக்கு” என்றார். சரிதான்.

நடப்பது இது. நம் கண்ணுக்கு ‘உடன்குடி’ ஐந்து எழுத்து. கம்ப்யூட்டருக்குப் புள்ளியும் கொக்கியும் தனித்தனிக் கணக்கு, ஆக எட்டு. முகவரியில் ஒவ்வொன்றும் ஒன்பது குறிகளாக எழுதப்படும். எட்டு ஒன்பது எழுபத்திரண்டு. ஒரு ஊர்ப் பெயருக்கே 72. வேர்ட்பிரஸில் இந்தப் பகுதிக்கு மொத்த இடமே 200தான். உடன்குடி 72, ஒரு கோடு, கருப்பட்டி 90, ஒரு கோடு, கிலோ 36. கூட்டிப் பாருங்கள், சரியாக 200. ‘விலை’க்கு இடமில்லை, வெட்டிவிட்டது. தலைப்பில் முக்கியமான சொல்லே அதுதான்.

அதனால் பப்ளிஷ் அமுக்கும் முன் வலது பலகையில் ‘ஸ்லக்’ அல்லது ‘லிங்க்’ என்றிருக்கும் இடத்தைத் திறந்து, இரண்டு மூன்று சொல்லில் ஆங்கில எழுத்தில் அடித்துவிடுங்கள். தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும், முகவரி மட்டும்தான் மாறும். முகவரியும் தமிழில் இருப்பதுதான் மரியாதை என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்கு என் பதில், இரண்டு சொல்லுக்குள் முடித்துக்கொள்ளுங்கள் என்பதுதான்.

பப்ளிஷ் ஆன பிறகு முகவரியை மாற்றுவது வேறு விஷயம். ‘போஸ்ட்’ (பதிவு) என்றால் பழைய முகவரிக்கு வருகிறவரை வேர்ட்பிரஸ் தானே புதிய முகவரிக்கு அழைத்துப் போகும். ‘பேஜ்’ (பக்கம்) என்றால் அந்த உபசாரம் கிடையாது. விசிட்டிங் கார்டில் அச்சடித்த முகவரியை ஒருபோதும் தொடாதீர்கள்.

“புது விலைப்பட்டியல் ஏத்திட்டேன், பழசே வருது”

இந்த ஒரு கேள்வி அண்ணாச்சிக்குப் பணத்தையே பறித்திருக்கிறது. கருப்பட்டி விலை ஏறியது. புது விலையை பிடிஎஃப் ஆக்கி, பழைய ஃபைலின் அதே பெயரில் ஏற்றினார். அதே பெயர் என்பதால் பழசை அழித்து அந்த இடத்தில் புதுசு உட்கார்ந்துவிடும் என்று நினைத்துவிட்டார். பென்டிரைவில் அப்படித்தானே நடக்கும். மதுரையிலிருந்து ஒருவர் பழைய விலைக்கு இருபது கிலோ கேட்டு, பட்டியலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினார். அண்ணாச்சி வாக்குச் சுத்தம், அந்த விலைக்கே கொடுத்தார். அப்புறம் எனக்கு போன்.

வேர்ட்பிரஸ் ஒரு ஃபைலின் மேல் இன்னொரு ஃபைலை எழுதாது. அதே பெயரில் ஏற்றினால் புதுசின் பெயருக்குப் பின்னால் ஒரு கோடும் 1 என்ற எண்ணும் சேர்த்துத் தனியாக வைத்துக்கொள்ளும். பக்கத்தில் இருக்கும் லிங்க் பழைய ஃபைலைத்தான் காட்டிக்கொண்டே இருக்கும். ஏற்றினால் மட்டும் போதாது, லிங்க்கையும் மாற்ற வேண்டும். பக்கத்தைத் திறந்து ஃபைல் பிளாக்கைத் தொட்டு, மேலே வரும் ‘ரீப்ளேஸ்’ அமுக்கி, புதுசைத் தேர்ந்தெடுத்து, சேவ் செய்யுங்கள். பிறகு லேப்டாப்பில் பார்த்துத் திருப்திப்படாமல், போனில் ஒரு வாடிக்கையாளர் மாதிரித் திறந்து பாருங்கள்.

என்னைக் கேட்டால் விலைக்கு பிடிஎஃப் வேண்டவே வேண்டாம். கூட்டல் குறியில் ‘டேபிள்’ எடுத்து மூன்று நெடுவரிசை போடுங்கள்: பொருள், அளவு, விலை. அதற்கு மேல் போனால் போன் திரையில் முட்டும். அடியில் “இன்ன தேதி முதல்” என்று ஒரு வரி. விலை மாறினால் அந்த ஒரு கட்டத்தை மட்டும் தொட்டு மாற்றிவிடலாம். மதுரைக்காரர் விஷயத்துக்குப் பிறகு அண்ணாச்சி இப்படித்தான் செய்கிறார், அதுவும் போனிலேயே.

போட்டோ

கல்யாண மண்டபத்து மேனேஜர் ஐநூறு படம் கொண்டுவந்தால் ஐநூறும் நாலு, ஐந்து எம்பி. தளத்தை வைத்திருக்க இடம் தரும் ஹோஸ்டிங் பலவற்றில் ஒரு ஃபைலுக்கு 2 எம்பிதான் எல்லை. மீடியாவில் புது ஃபைல் ஏற்றும் பக்கத்துக்குப் போனால் உங்கள் எல்லை அடியில் எழுதியிருக்கும். 2019இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து, 2560 பிக்சலுக்கு மேல் உள்ள படத்தை வேர்ட்பிரஸே சிறிதாக்கிக்கொள்கிறது. ஆனால் அது உள்ளே ஏறிய பிறகுதான், வாசலிலேயே நிறுத்திவிட்டால் என்ன செய்ய? சுலபமான நாட்டு வழி, படத்தை வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி, அதிலிருந்து சேமித்து ஏற்றுவது. வாட்ஸ்அப் எடையைக் குறைத்துவிடும். முகப்புப் பெரிய படத்துக்கு இது வேண்டாம், தரம் போய்விடும், அதை என்னிடம் அனுப்புங்கள்.

ஒரே படம் இரண்டு தடவை தெரிகிறது என்றால், அதையே ‘ஃபீச்சர்டு இமேஜ்’ (பதிவுக்கான முக்கியப் படம்) ஆகவும் வைத்து, கட்டுரைக்குள்ளும் போட்டிருக்கிறீர்கள். உள்ளே இருப்பதை எடுத்துவிடுங்கள். ‘ஆல்ட் டெக்ஸ்ட்’ பெட்டியைக் காலியாக விடாதீர்கள். படம் தெரியாதவருக்கு அது என்ன படம் என்று போனில் சொல்வீர்களே, அந்த ஒரு வரியை எழுதினால் போதும்.

மூன்று குட்டிக் கேள்விகள்

“வேற யாரோ எடிட் பண்ணுறாங்கன்னு காட்டுது.” யாரோ திறந்துவிட்டு மூடாமல் போயிருக்கிறார்கள். ‘டேக் ஓவர்’ அமுக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

“ஒரு பக்கத்துலதான் மாத்தினேன், எல்லாப் பக்கத்துலயும் மாறிட்டு.” ஊதா நிறக் கோடு போட்டுக் காட்டும் பகுதி ‘சிங்க்டு பேட்டர்ன்’. ஒரு இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறத்தான் அதை வைத்திருக்கிறேன், போன் நம்பர், வேலை நேரம் மாதிரி விஷயங்களுக்கு. இங்கே மட்டும் வேறாக வேண்டுமென்றால் மூன்று புள்ளியில் ‘டிடாச்’ செய்துவிட்டு மாற்றுங்கள்.

“பிளாக்குல ஏதோ தப்புன்னு வருது.” ‘அட்டெம்ப்ட் ரெகவரி’ அமுக்குங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

திரும்பி வராத இடம்

மேலே சொன்ன குப்பைத்தொட்டி பதிவுக்கும் பக்கத்துக்கும்தான். மீடியாவில் இருக்கும் படத்துக்கு அது கிடையாது. அங்கே இருக்கும் பொத்தானின் பெயரே ‘டிலீட் பெர்மனென்ட்லி’. அமுக்கினால் போனதுதான். ரிவிஷனும் உதவாது, ஏனென்றால் ரிவிஷனில் இருப்பது எழுத்தும் ‘இங்கே இன்ன படம்’ என்ற குறிப்பும்தான். படம் அதில் இல்லை.

மண்டபத்துத் தளத்தில் இடம் நிறைந்துவிட்டது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். மீடியாவில் ஒவ்வொரு படமும் எந்தப் பதிவோடு சேர்ந்தது என்று காட்டும் ஒரு நெடுவரிசை உண்டு. அதில் ‘அன்அட்டாச்டு’ (எதோடும் சேராதது) என்றிருந்ததையெல்லாம் யாருக்கும் வேண்டாதது என்று எடுத்துக்கொண்டு மொத்தமாக டிக் போட்டு அழித்தேன். ஒரு படத்தை நேராக மீடியாவில் ஏற்றிவிட்டுப் பிறகு பக்கத்தில் எடுத்துப் போட்டாலும் அது அன்அட்டாச்டு என்றே நிற்கும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். அன்றைக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை. திறந்து பார்த்தால் கேலரி பூராவும் வெள்ளைக் கட்டங்கள். மேனேஜருக்குச் சொல்வதற்கு முன்னால் ஹோஸ்டிங்கின் பேக்கப்பைத் தேடினேன். வியாழக்கிழமை நகல் ஒன்று இருந்தது. வெள்ளி, சனி ஏற்றிய படங்கள் அதில் இல்லை. அவற்றை அவருடைய போனிலிருந்து கேட்டு வாங்கி, ராத்திரி ஒன்றரை மணி வரை திரும்ப ஏற்றினேன்.

இப்போது படம் அழிப்பதென்றால் இப்படித்தான் செய்கிறேன். முதலில் பேக்கப்பை என் கம்ப்யூட்டருக்கு இறக்கிவிடுவேன். ஒரு படத்தை மட்டும் அழித்து, தளத்தை இன்காக்னிட்டோவில் திறந்து, முகப்பு, கேலரி, பழைய பதிவு இரண்டு என்று பார்ப்பேன். எதுவும் உடையவில்லை என்றால் பத்துப் பத்தாக அழிப்பேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தொடுவதே இல்லை. நீங்கள் யாரும் மீடியாவில் எதையும் அழிக்க வேண்டாம். இடம் நிறைந்துவிட்டது என்று மட்டும் ஒரு மெசேஜ் போடுங்கள்.